திருடன் கையில் சாவி

போன முறை சித்தூர்ப் பாளையக்காரர்களைப் பற்றி நாலு வரி எழுதினேன். 1801-ல் ஆற்காட்டு நவாப்பின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது, ஊர்க்காவலுக்காகப் பாளையக்காரர்கள் வாங்கிவந்த பணத்தைக் கம்பெனி தன் பக்கம் இழுத்துக்கொண்டது, 1804-05-ல் நாரகண்டி, கல்லூர், பங்காரி பக்கத்து ஆட்கள் காட்டுக்குள் இறங்கிச் சண்டை போட்டார்கள், அவ்வளவுதான். இத்தனை கடிதம் வரும் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கவனமாக எழுதியிருப்பேன். அதில் நகரியிலிருந்து ஓர் அம்மா எழுதிய கடிதம் பேச்சை எங்கேயோ பாலைவனத்துக்குக் கொண்டுபோய்விட்டது. மற்றவர்களும் கூடவே கிளம்பிவிட்டார்கள். சரி, இந்த முறை முழுக்க மணல்தான்.

கேள்வி: என் மகன் எல்லைப் பாதுகாப்புப் படையில் இருக்கிறான், ஜெய்சல்மேர் பக்கம் வேலை. இப்போது வேலி இருக்கிறது, விளக்கு இருக்கிறது, கேமரா இருக்கிறது, அப்படியும் கஷ்டம்தான் என்கிறான். இது எதுவுமே இல்லாத காலத்தில் வெள்ளைக்காரன் அந்த மணலை எப்படிக் காவல் காத்தான்? (வாசகி, நகரி)

முதலில் ஒரு திருத்தம் அம்மா. உங்கள் மகன் நிற்கிற இடம் அன்றைக்கு எல்லையே இல்லை. ஜெய்சல்மேர் ஒரு சமஸ்தானம், 1818-லேயே கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. வெள்ளைக்காரனின் தலைவலி அதற்கும் மேற்கே, சிந்து நதியைத் தாண்டி, இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கிற கச்சி சமவெளியின் ஓரத்தில் இருந்தது. ஒரு பக்கம் பலூச் மலைகள், இன்னொரு பக்கம் வாய்க்கால் தண்ணீர் பாயும் சிந்து வயல்கள், நடுவில் புல் முளைக்காத வெட்டவெளி. மலையில் மர்ரி, புக்தி என்ற பலூச் கூட்டங்கள். அடிவாரத்தில் டோம்கி, ஜக்ரானி கூட்டங்கள். இருட்டியதும் குதிரையில் கிளம்பி, வெட்டவெளியைக் கடந்து, மாடோ ஒட்டகமோ தானியமோ கிடைத்ததை ஓட்டிக்கொண்டு திரும்பி மலையேறிவிடுவார்கள்.

1843-ல் மியானிச் சண்டைக்குப் பிறகு சிந்து சார்லஸ் நேப்பியர் கைக்கு வந்தது. அவர் பட்டாளத்துக்காரர், பட்டாளத்து வழியிலேயே யோசித்தார். ஒட்டகப் படை ஒன்று கட்டினார். 1845-ல் பெரிய சேனையோடு மலைக்குள்ளேயே போய், டோம்கித் தலைவர் பீஜா கானை டிரக்கி என்ற பாறைக்கோட்டையில் மடக்கிச் சரணடைய வைத்தார். சேனை ஊர் திரும்பியது, கொஞ்ச நாளில் கொள்ளையும் திரும்பியது. புக்திகளைச் சட்டத்துக்குப் புறம்பானவர்கள் என்று அறிவித்து, ஒரு தலைக்குப் பத்து ரூபாய் என்று விலை வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் யார் கொள்ளைக்குப் போனவன், யார் ஆடு மேய்க்கிறவன் என்கிற கணக்கெல்லாம் பத்து ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

1847 ஜனவரியில் ஜான் ஜேக்கப் என்ற அதிகாரி, சிந்து குதிரைப்படையோடு அந்த எல்லைக்கு வந்தார். அவர் வந்தபோது அங்கே இருந்த பட்டாளம் மண்கோட்டைகளுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெளியே கொள்ளை, உள்ளே காவல். ஜேக்கப் செய்த முதல் காரியம், கோட்டைக்குள் ஒளிகிற பழக்கத்தை ஒழித்தது. சுவர் வேண்டாம், அகழி வேண்டாம், வெட்டவெளியில் முகாம் போடு, ராத்திரியெல்லாம் ரோந்து போ என்று உத்தரவு போட்டார். சுவர் இல்லையென்றால் காவல்காரன் தூங்க முடியாது பாருங்கள், அதுதான் சூட்சுமம். அந்தப் படையில் சில்லேதார் முறை: குதிரை வீரனுடையது, வாள் அவனுடையது, தீனியும் லாடமும் அவன் பொறுப்பு, சர்க்கார் மாதச் சம்பளம் மட்டும் கொடுக்கும். சொந்தக் குதிரை என்பதால் தன் உடம்பைப்போலப் பார்த்துக்கொள்வான்.

இதை மட்டும் சொல்லிவிட்டால் ஜேக்கப்பை நல்ல மனிதர் ஆக்கிவிட்டுப் போய்விடுவேன். அதே 1847 அக்டோபரில் அவருடைய ஆள் மெரிவெதர், நூற்றுமுப்பத்துச் சொச்சம் குதிரைக்காரர்களோடு போய் எழுநூறு பேர் கொண்ட ஒரு புக்திக் கூட்டத்தை வெட்டவெளியில் பிடித்தார். அவர்களில் பெரும்பாலோர் கால்நடையாக வந்தவர்கள். ஐந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள், மிச்சத்தில் பெரும்பாலோர் கைதானார்கள். தலைக்குப் பத்து ரூபாய் என்ற அறிவிப்பு அதற்கப்புறம் எடுக்கப்பட்டது. எடுத்ததும் ஜேக்கப் சொல்லித்தான்.

அவருடைய இன்னொரு விதி எனக்குப் பிடித்தது. கொள்ளை அடித்தால் கொள்ளைதான், பழிக்குப் பழி என்றாலும் கொள்ளைதான், நம் எல்லைக்குள் இருக்கிறவன் மலைக்காரனிடம் போய் அடித்தாலும் அதே தண்டனைதான் என்றார். ஏனென்றால் நேப்பியர் கொண்டுவந்து நிலம் கொடுத்துக் குடியேற்றிய டோம்கிகளும் ஜக்ரானிகளுமே சர்க்கார் நிழலில் நின்றுகொண்டு அக்கம்பக்கத்தில் சூறையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து ஆயுதத்தை வாங்கிக்கொண்டு மண்வெட்டியைக் கொடுத்து வாய்க்கால் வெட்ட அனுப்பினார் ஜேக்கப். வெட்டவும் செய்தார்கள்.

கான்கர் என்று அவர் வந்தபோது ஒரு சின்னக் கிராமம். இன்று அதன் பெயர் ஜேக்கபாபாத். கோடையில் 50 டிகிரியைத் தாண்டுகிற ஊர். உங்கள் மகனிடம் சொல்லுங்கள், அவர் அனுபவிக்கிற வெயிலுக்கு அங்கே அண்ணன் இருக்கிறான்.

கேள்வி: மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவன் திருடன். அதில் பொருளாதாரம், பண்பாடு என்று பூசி மெழுகுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நீங்களும் அந்தக் கட்சியா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், சத்தியவேடு)

கோபப்படாதீர்கள் ஐயா, உங்கள் மாணவர்களுக்கு நீங்களே வெட்சித் திணை நடத்தியிருப்பீர்கள். பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி, அதை மீட்பது கரந்தை. கவர்ந்தவனுக்கும் பூ, மீட்டவனுக்கும் பூ. அதைப் படிக்கும்போது நாம் ஒருத்தரும் காவல் நிலையத்துக்குப் போன் போடவில்லை.

ஏட்டில் மட்டும் இருக்கிற சங்கதியும் இல்லை. நம் சித்தூர் மாவட்டத்திலும் பக்கத்தில் செங்கம் பக்கமும் நடுகற்கள் நிற்கின்றன. தொறு என்றால் மாட்டு மந்தை. தொறு மீட்கப்போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். குப்பத்துக்குப் போகிற வழியில் ஒரு மாந்தோப்பில் நான் பார்த்த கல்லில், கையில் வில்லோடு ஓர் ஆள், காலடியில் சின்னதாய் நாலைந்து மாடு, மூஞ்சி தேய்ந்துபோயிருந்தது. தோப்புக்காரர் அதன்மேல் தண்ணீர் மோட்டாரின் ஸ்விட்ச் பெட்டியைச் சாய்த்து வைத்திருந்தார். அது வேறு சோகம்.

பலூச் மலையில் மழை இல்லை, விளைச்சல் இல்லை. பஞ்சம் வந்தால் கீழே இறங்க வேண்டும், இறங்கினால் வேலியும் வரியும் சிப்பாயும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது வயிற்றுப்பாடு, கௌரவம், பழிவாங்கல், கல்யாணச் செலவு எல்லாம் கலந்த ஒன்று. அடி வாங்கிய கிராமத்துக்காரனுக்கு அது கொள்ளை, அதிலும் சந்தேகம் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

இன்னொன்று கேளுங்கள். சிந்துவில் திருட்டுப்போன மாட்டைத் திரும்ப வாங்கக் கொடுக்கிற பணத்துக்குப் 'பங்' என்று பெயர். நம் தெற்கே மதுரைச் சீமையில் அதற்குத் துப்புக்கூலி என்று பெயர். நூல் பிடித்தாற்போல ஒரே ஏற்பாடு. மாடு காணாமல் போகும், ஒரு பெரிய மனிதர் வருவார், "இன்னாரைக் கேட்டால் தெரியும்" என்பார், பணம் கைமாறும், மறுநாள் விடிந்தால் மாடு ஏரிக்கரையில் மேய்ந்துகொண்டிருக்கும். அரபு பாலைவனத்தில் பலவீனமான கூட்டமும் ஊர்களும் வலுத்த கூட்டத்துக்குக் குவ்வா என்று ஒன்று கொடுப்பார்கள், 'சகோதரப் பணம்' என்று அர்த்தம். கொடுத்தால் நீ எனக்குச் சகோதரன், உன் ஒட்டகத்தைத் தொடமாட்டேன், வேறு எவனாவது தொட்டால் நான் கேட்பேன்.

எனக்கே ஒரு தடவை நடந்தது. புத்தூரில் சந்தை நாளன்று செல்போன் போய்விட்டது. புகார் கொடுக்கப்போன இடத்தில் காகிதம் தீர்ந்துவிட்டது என்றார்கள். சாயங்காலம் டீக்கடையில் ஒருவர் என்னைப் பார்த்து, "அன்னா, ஐந்நூறு ரூபாய் ஆகும், பரவாயில்லையா?" என்று கேட்டார். ஒன்பது மணிக்குப் போன் கைக்கு வந்தது, சார்ஜ் வேறு போட்டிருந்தார்கள். அந்த ஐந்நூறுக்குப் பேர் துப்புக்கூலி ஐயா. நான் கொடுத்தேன். நீங்களும் கொடுத்திருப்பீர்கள்.

கேள்வி: அண்ணா, எங்கள் சீமையில் உய்யலவாட நரசிம்ம ரெட்டி கதை சினிமாவாகவே வந்துவிட்டது. அவரைத் தூக்கில் போட்டார்கள், பலூச் தலைவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஏன் இந்த வித்தியாசம்? (கல்லூரி மாணவர், புத்தூர்)

நல்ல கேள்வி தம்பி, தேதியைப் பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். ஜேக்கப் சிந்து எல்லைக்கு வந்தது 1847 ஜனவரி. நரசிம்ம ரெட்டியைக் கோயில்குண்ட்லாவில் தூக்கில் போட்டது 1847 பிப்ரவரி 22. ஒரே கம்பெனி, ஒரே குளிர்காலம். தலையைக் கோட்டைச் சுவரில் கட்டித் தொங்கவிட்டார்கள், 1877 வரை அது அங்கேயே கிடந்தது என்பார்கள்.

ரெட்டியின் சண்டைக்கு முன்கதை ஒன்று உண்டு. 1800-ல் நிஜாமிடமிருந்து ரெட்டியின் ஊர்ப் பக்கத்து மாவட்டங்கள் கம்பெனிக்கு வந்தன. தாமஸ் மன்றோ 1807 வரை அங்கே பெரிய கலெக்டர். எண்பது பாளையக்காரர்கள் இருந்தார்கள், சேனை வைத்துக்கொள்ளக் கூடாது, நிலவரி நேராக என்னிடம் கட்டவேண்டும் என்று ஒவ்வொருவராக ஒடுக்கினார். மிஞ்சியவர்களுக்குப் பென்ஷன். நரசிம்ம ரெட்டியின் பங்குக்கு வந்தது மாதம் பதினொரு ரூபாய் பத்தணா எட்டுப் பைசா. அந்த எட்டுப் பைசாவைக்கூட மறக்காமல் எழுதி வைத்திருக்கிற சர்க்கார், அவருடைய தாய்வழிச் சொத்தையும் உறவினர் பென்ஷனையும் மட்டும் மறந்துவிட்டது. அவரோடு சேர்ந்து எழுந்தவர்களில் முக்கியமானவர்கள் கட்டுபடிகள், அதாவது ஊர்க்காவலுக்காக மானிய நிலம் வைத்திருந்தவர்கள். கம்பெனி அந்த மானியத்தில் கை வைத்தது. காவல்காரனின் நிலத்தைப் பிடுங்கினால் அவன் கையில் வேல் மட்டும்தானே மிஞ்சும்?

வித்தியாசம் ஏன் என்றால், மண்ணின் கதைதான் காரணம். கடப்பை, கர்நூல் நிலம் வரி கொடுக்கிற நிலம். அங்கே நடுவில் ஒரு தலைவன் நின்றால் வருமானம் போகும், அதனால் அவனை ஒழி. பலூச் மலை வரி கொடுக்காத நிலம். அங்கே நேரடி ஆட்சி போட்டால் செலவு கழுத்தை நெரிக்கும், அதனால் தலைவனை வைத்துக்கொள், சம்பளம் போடு. கருணையும் கொடுமையும் கணக்குப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் விழுகிறதோ அதைப் பொறுத்தது. நான் இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் வீரக்கதையில் கணக்குப் பேசுவது அவர்களுக்குப் பிடிக்காது.

கேள்வி: சாண்டிமன் என்றொருவர் துப்பாக்கியே இல்லாமல் பலூச்சிகளை அடக்கினார் என்று படித்தேன். உண்மையா? (வாசகர், குப்பம்)

துப்பாக்கி இல்லாமல் என்பது கொஞ்சம் அதிகம். பின்னால் பட்டாளம் நின்றது எல்லோருக்கும் தெரியும், அதனால் முன்னால் நின்று சிரிக்க முடிந்தது. ஆனாலும் மனிதர் வித்தியாசமானவர்தான்.

ராபர்ட் சாண்டிமன் 1866-ல் பஞ்சாபின் தேரா காஜி கானுக்கு அதிகாரியாக வந்தார். அந்தக் காலத்துப் பஞ்சாப் வழக்கம் என்னவென்றால், மலைக்குள் கால் வைக்காதே. அங்கிருந்து வந்து அடித்தால் அபராதம் போடு. கட்டாவிட்டால் அந்தக் கூட்டத்தைச் சந்தைக்கு வரவிடாமல் தடு. அதற்கும் மசியாவிட்டால் படையோடு போய் ஊரைக் கொளுத்திவிட்டு உடனே திரும்பிவிடு. மலைக்காரன் செய்தால் கொள்ளை, சர்க்கார் செய்தால் தண்டனைப் பயணம். இரண்டிலும் ராத்திரி கிளம்பி விடிகாலையில் அடித்துவிட்டு ஓடிவருவதுதான் முறை, ஆனால் இரண்டாவதற்கு அறிக்கை எழுதுவார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. அதே மர்ரியும் புக்தியும் ஒரு பக்கம் பஞ்சாபை ஒட்டியும் இன்னொரு பக்கம் சிந்துவை ஒட்டியும் இருந்தார்கள். பஞ்சாப் பம்பாய்க்குக் கீழ் இல்லை, சிந்து பம்பாய்க்குக் கீழ். இரண்டு அலுவலகமும் ஒன்றோடொன்று கடிதத்தில் மட்டும் பேசும். திருத்தணியும் சத்தியவேடும் 1960-ல் கைமாறிய சமயத்தில் இந்தப் பக்கத்து ரெவின்யூ ஆபீசில் பட்டா வாங்க அலைந்தவர்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், எல்லைக்கோட்டில் வாழ்வது என்றால் என்ன என்று சொல்வார்கள்.

1867 ஜனவரியில் ஒரு புக்திக் கூட்டம் ஹர்ரந்த் பக்கம் இறங்கி அடிக்க வந்தது. எல்லையோர பலூச்சிகளும் குதிரைப்படையும் சேர்ந்து மடக்கினார்கள், நூறு பேருக்கு மேல் செத்தார்கள், பலர் பிடிபட்டார்கள். அங்கேதான் சாண்டிமன் வேறு வழியில் போனார். பிடிபட்டவர்களை வைத்துக்கொண்டு தலைவர்களை ராஜன்பூருக்குக் கூப்பிட்டுப் பேசினார். சில குதிரைக்காரர்களுக்கு மாதச் சம்பளம் தருகிறேன், எல்லையை நீங்களே காவல் காருங்கள் என்றார். திருடன் கையில் சாவி. மேலே இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1871-ல் மிட்டன்கோட்டில் பஞ்சாப், சிந்து இரண்டு பக்கத்து அதிகாரிகளும் உட்கார்ந்து பேசவேண்டி வந்தது. 1876-ல் கலாத் நாட்டு மன்னரான கானுக்கும் அவருக்குக் கீழிருந்த கூட்டத் தலைவர்களான சர்தார்களுக்கும் மஸ்துங்கில் சமரசம் செய்துவைத்தார். அந்த வருடக் கடைசியில் ஜேக்கபாபாத்தில் ஒப்பந்தம். கானுக்குக் கொடுத்துவந்த வருட மானியம் ஐம்பதாயிரம் ரூபாயிலிருந்து ஒரு லட்சம் ஆனது. கானின் நாட்டுக்குள் பட்டாளம் வைக்கவும், ரயில், தந்தி போடவும் உரிமை கிடைத்தது. அடுத்த வருடம் சாண்டிமன் பலூசிஸ்தானத்துக்கே ஏஜெண்டு.

லெவி என்று அந்தக் காவல்காரர்களுக்குப் பெயர். வழியில் ஒரு மூட்டை காணாமல் போனால், எந்தக் கூட்டத்தின் எல்லையோ அந்தக் கூட்டத்து லெவி பதில் சொல்லவேண்டும். நம் தலையாரிகளுக்கும் காவல்காரர்களுக்கும் இருந்த அதே நிபந்தனைதான்: திருட்டுப்போனால் கண்டுபிடி, இல்லையென்றால் உன் பையிலிருந்து கொடு. மன்றோ காலத்துக்காரர்கள் தெற்கே கலைத்துப்போட்ட ஏற்பாட்டை, அறுபது எழுபது வருடம் கழித்து இவர் வடமேற்கில் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பெருமை வாங்கிக்கொண்டார்.

இதில் யாருக்கு லாபம் என்று பாருங்கள், அங்கேதான் எனக்குச் சாண்டிமன்மேல் மரியாதை குறைகிறது. சம்பளம் வந்தது சர்தார் கைவழியாக. முன்னே கூட்டம் ஒத்துக்கொண்டால்தான் சர்தார். கொள்ளையில் பங்கு சரியாகப் பிரிக்கவில்லை என்றால் வேறு ஆளைப் பார்ப்பார்கள். சர்க்கார் சம்பளம் வந்தபிறகு அவர் யாருக்கும் பயப்படவேண்டியதில்லை. அவர் மேல் புகார் சொல்லப்போனாலும் அவரும் அவரைப்போன்றவர்களும் உட்கார்ந்த ஜிர்கா என்ற பஞ்சாயத்தில்தான் சொல்லவேண்டும். ஒருவன் செய்த குற்றத்துக்குக் கூட்டம் முழுவதையும் பிடிக்கலாம், மேல்முறையீடு கிடையாது என்கிற எல்லைக் குற்றச் சட்டம் 1870-களில் தொடங்கி 1901-ல் முழு வடிவம் எடுத்தது. பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதிகளில் அது 2018 வரை நடைமுறையில் இருந்தது. வெள்ளைக்காரன் போய் எழுபது வருடம் கழித்து!

கேள்வி: கத்தி வைத்திருந்தாலே குற்றம் என்ற சட்டம் அங்கேயும் இருந்ததா? எங்கள் பக்கம் இருந்ததாகத் தாத்தா சொல்வார். (வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு)

தாத்தா சொன்னது சரி. 1854-ல் மலபாரில் மாப்பிள்ளைகள் என்ற முஸ்லிம்களின் கலகங்களை ஒடுக்க இரண்டு சட்டம் வந்தது. ஒன்று போர்க்கத்தி வைத்திருப்பதற்கு எதிராக. இன்னொன்று ஊர் முழுக்க அபராதம் போட வழி செய்தது. அதற்காக முயன்ற கலெக்டர் கனோலியை 1855 செப்டம்பரில் கோழிக்கோட்டில் அவருடைய பங்களாவிலேயே வெட்டினார்கள். சிந்து எல்லையில் ஜேக்கப் ஏற்கெனவே, அனுமதி இல்லாமல் யாரும் ஆயுதம் தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். மணலானாலும் மழைக்காடானாலும் அந்தப் பத்து வருடத்தில் கம்பெனிக்கு ஒரே யோசனைதான் ஓடியிருக்கிறது.

கேள்வி: மணலில் தடம் பார்த்துத் திருடனைப் பிடிப்பார்களாமே, கதையா நிஜமா? (தறிக்காரர், நகரி)

நிஜம். சிந்து, கட்ச், தார்ப் பக்கம் அந்த ஆட்களுக்குப் பகி என்று பெயர். மாடு காணாமல் போன இடத்தில் பகி வந்து முதலில் ஒரு நல்ல தடத்தைத் தேடுவார். கிடைத்ததும் அதன்மேல் ஒரு சட்டியையோ கூடையையோ கவிழ்த்து வைத்துவிடுவார், காற்றும் ஆடுகளும் அழிக்காமல் இருக்க. அதுதான் மூலப்பிரதி. அப்புறம் நடப்பார். சந்தேகம் வந்தால் திரும்பி வந்து சட்டியைத் தூக்கிப் பார்ப்பார். குதிகால் ஆழமாக விழுந்திருந்தால் சுமை, ஒரு ஓரம் மட்டும் அழுந்தியிருந்தால் கால் கோணல், முன்பாதம் மட்டும் என்றால் ஓட்டம். நீங்கள் தறிச் சத்தத்தை வைத்தே எந்த நூல் அறுந்தது என்று சொல்வீர்களே, அதுமாதிரி.

தடம் ஒரு கிராம எல்லைக்குள் போனால், அந்தக் கிராமத்தார் அதை மறு எல்லைவரை கொண்டுபோய்க் காட்டவேண்டும். காட்ட முடியாவிட்டால் மாட்டுக்கு விலை அவர்கள் கொடுக்கவேண்டும். இது ஊர் வழக்கம், வெள்ளைக்காரன் அப்படியே எடுத்துச் சட்டமாக்கிக்கொண்டான். செலவில்லாத போலீஸ் அல்லவா! அந்த வித்தை அவனோடு போய்விடவும் இல்லை. குஜராத் எல்லையில் ரணசோட்தாஸ் ரபாரி என்ற பகி 1965, 1971 சண்டைகளில் நம் ராணுவத்துக்குத் தடம் பார்த்துச் சொன்னவர். அவர் பெயரை எல்லைப் பாதுகாப்புப் படையே ஒரு காவல் சாவடிக்கு வைத்திருக்கிறது. முதல் கேள்வி கேட்ட அம்மாவின் மகனுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

கேள்வி: அரபு நாட்டில் ஆகாய விமானத்தால் குண்டு போட்டுத்தான் கொள்ளையை நிறுத்தினார்களா? (வாசகர், ரேணிகுண்டா)

போட்டார்கள். நிறுத்தினது அது இல்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு ஈராக் பிரிட்டிஷ் பொறுப்பில் வந்தது. பட்டாளம் வைக்கப் பணம் இல்லை, அதனால் 1922-லிருந்து விமானப்படையிடம் கொடுத்தார்கள். அதே வருடக் கடைசியில் பெர்சி காக்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி உக்கைரில் உட்கார்ந்து, சிவப்புப் பென்சிலால் ஈராக்குக்கும் இப்னு சவூது ஆண்ட நஜ்துக்கும் நடுவே கோடு போட்டார். கிணறு எங்கே இருக்கிறதோ அங்கே போகிற ஒட்டகக்காரனுக்குக் கோடு என்றால் என்ன? எல்லைப் பக்கத்துக் கிணறுகளில் கோட்டை கட்டக்கூடாது என்றும் எழுதிக்கொண்டார்கள். 1927-ல் ஈராக் புசைய்யாவில் ஒரு காவல் கோட்டை கட்டியது. அது ஒப்பந்தத்தை மீறியது என்று இப்னு சவூது தரப்பு சொன்னது. நவம்பரில் முதைர் கூட்டத்து இக்வான்கள், அதாவது நஜ்தின் மதப்பற்று மிகுந்த போராளிகள், வந்து அங்கிருந்த காவலர்களையும் கட்டட வேலைக்காரர்களையும் கொன்றார்கள். பிறகு விமானம், குண்டு, மறுபடியும் கொள்ளை. மேலே இருந்து பார்த்தால் கொள்ளைக்காரன் கூடாரமும் மேய்ப்பவன் கூடாரமும் ஒரே கறுப்புத்தான்.

அங்கே வேலை பார்த்த ஜான் கிளப் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1930-ல் டிரான்ஸ்ஜோர்டனுக்கு, அதாவது இன்றைய ஜோர்டானுக்கு, போனார். அடுத்த வருடம் பாலைவன ரோந்துப்படை ஒன்று கட்டினார், கொள்ளைக்குப் பேர்போன ஹுவைதாத்துகளையே அதில் சேர்த்தார். லாரி, இயந்திரத் துப்பாக்கி, கம்பியில்லாத் தந்தி, கிணற்றோரத்தில் சின்னக் கோட்டை, கையில் மாதச் சம்பளம். ஓரிரு வருடத்தில் அந்தப் பக்கம் கொள்ளை அடங்கிவிட்டது. ஒட்டகத்தின் விலை விழுந்து, பஞ்சமும் சேர்ந்து, கொள்ளையடிக்கவும் பெரிதாக ஒன்றும் இல்லாமல் போயிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளப்பைப் புகழ்கிறவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள்.

கேள்வி: இதெல்லாம் சரி, நம் பக்கத்துக் குற்றப்பரம்பரைச் சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (வாசகி, நாயுடுபேட்டை)

உண்டு. 1871-ல் வடக்கே வந்த சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மலையில் இருந்த புக்திக்குச் சர்தார் இருந்தார், மலை இருந்தது, அவனோடு பேரம் பேசினார்கள். நம் எருகுலருக்கும் குறவருக்கும் மலையும் இல்லை, சர்தாரும் இல்லை. கழுதையிலும் மாட்டிலும் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்றவர்கள். ரயிலும் உப்புச் சட்டமும் அந்தப் பிழைப்பைத் தின்றுவிட்டன. அப்புறம் ஊர் சுற்றுகிறாயே, நீ குற்றவாளி என்றார்கள். பிறந்த குழந்தைக்கும் சேர்த்துத்தான். நெல்லூர்ப் பக்கம் காவலியில் ஒரு மிஷன், பாபட்லா பக்கம் ஸ்டூவர்ட்புரத்தில் ரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்று குடியிருப்பு நடத்தக் கொடுத்தார்கள். மதுரைப் பக்கம் காவல் உரிமை வைத்திருந்த கள்ளர்களிடம் கைரேகை கேட்டபோது, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பதினாறு பேர் சுடப்பட்டுச் செத்தார்கள். அதே வருடங்களில் பலூச் சர்தாருக்கு மாதச் சம்பளம் பாக்கியில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

கேள்வி: இவ்வளவு மணலைப் பற்றி எழுதுகிறீர்களே, பாலைவனத்தைப் பார்த்திருக்கிறீர்களா? (அதே புத்தூர் மாணவர், இரண்டாவது கடிதம்)

ஒரே ஒரு தடவை, ஜோத்பூரிலிருந்து ரயில் ஜன்னல் வழியாக. கண்ணில் தூசு விழுந்து பாதி வழி கண்ணைக் கசக்கிக்கொண்டே போனேன்.